நோன்பு துறக்கப் போக ஒரு பாஜு மெலாயு தைத்த கதை

பிப்ரவரி 8, சனி

பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாயில் அத்தை மாதிரி ஒரு மரியாதைச் சொல்) ஒவ்வொரு ரமலானிலும் ஒரு நாள் எங்கள் வரிசையில் உள்ள அத்தனை வீடுகளையும் நோன்பு துறக்கக் கூப்பிடுவார். வாசலில் கூடாரம், கீழே பாய், அறுபது எழுபது பேர். மலேசியாவில், ஜொகூர் பாருவின் இந்தத் தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, நாங்கள் குடிவந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை. போன வருடம் ஆண்கள் எல்லாம் பாஜு மெலாயு, பெண்கள் எல்லாம் பாஜு கூரோங் என்று மலாய்ப் பாரம்பரிய உடையில் பளபளக்க, நான் மட்டும் வேலை முடிந்த சட்டையோடு, கழுத்து அட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். படத்தில் பார்த்தால் கூடார வாடகை வசூலிக்க வந்தவன் மாதிரி இருக்கிறேன்.

இந்த வருட விருந்து மார்ச் 15. ஐந்து வாரம் இருக்கிறது. கடையில் ஒன்று வாங்கிவிட்டால் ஒரு மணி நேர வேலைதான். ஆனால் 2020 நடமாட்டக் கட்டுப்பாட்டில் அம்மாவின் சிங்கர் மெஷினில் முகக்கவசம் தைக்கப் பழகி, தலையணை உறை, அப்புறம் சட்டை என்று வந்து நிற்கிறேன். தைத்துத்தான் போட வேண்டும் என்று ஒரு வீம்பு.

பிப்ரவரி 9

மாக்சிக்கின் கணவரிடம் போய்ச் சொன்னேன். அவரைப் பாக்சிக், அதாவது மாமா, என்று கூப்பிடுவோம். அவருக்குத் தெரிந்த தமிழ் ‘தம்பி’, ‘சாப்பிட்டாச்சா’ இரண்டும்தான். இரண்டையும் சொல்லிவிட்டு உள்ளே போய், அவருடைய அப்பாவின் பழைய பாஜு ஒன்றை எடுத்து வந்தார். தெலுக் பெலாங்கா வகை. கழுத்துப்பட்டி கிடையாது, வட்டக் கழுத்து, முன்னால் சின்னப் பிளவு, ஒரே ஒரு பட்டன். நின்ற கழுத்துப்பட்டியும் ஐந்து பட்டனும் வைத்த இன்னொரு வகைக்கு செக்காக் மூசாங் என்று பெயர். மூசாங் என்றால் மரநாய். பெயர் ஏன் அப்படி என்று கேட்டதற்கு பாக்சிக் தன் கழுத்தைப் பிடித்துக்காட்டிச் சிரித்தார், அவ்வளவுதான் விளக்கம்.

ஜொகூர்க்காரர்களுக்குத் தெலுக் பெலாங்கா சொந்தச் சொத்து. பின்னாளில் சுல்தானான அபூபக்கர் 1866-ல், சிங்கப்பூரின் தெலுக் பெலாங்காவில் இருந்த தலைநகரம் ஜொகூர் பாருவுக்கு மாறியதன் நினைவாக இதை அறிமுகப்படுத்தினார் என்பார்கள். பாக்சிக் அந்த வருடத்தை ஏதோ தன் கல்யாண வருடம் போலச் சொன்னார்.

பாஜுவை உள்பக்கம் திருப்பிப் பார்க்க அனுமதி கேட்டேன். தோளில் தையலே இல்லை! முன்னும் பின்னும் ஒரே நீளத் துணி, தோளில் மடிந்து விழுகிறது. நடுவில் கழுத்துக்கு ஓட்டை. கை இரண்டும் நேர்க்கோட்டில் வெட்டிய துண்டுகள். பக்கவாட்டில் கீழே விரியும் துண்டுகள், பெயர் பெசாக். கையும் பெசாக்கும் சந்திக்கிற அக்குளில் உள்ளங்கை அளவில் ஒரு சதுரம், பெயர் கெக்கெக். நான் இதுவரை தைத்த சட்டைகளில் கைக்குழி வளைவு வெட்டத்தான் பாதி நாள் போகும். இதில் கழுத்தைத் தவிர வளைவே இல்லை. சுலபம் என்று நினைத்துவிட்டேன்.

பிப்ரவரி 11

தைப்பூசம். மெஷின் பக்கமே போகவில்லை.

பிப்ரவரி 15

பழைய படுக்கை விரிப்பில் ஒத்திகை. கெக்கெக் ஒரு அலங்காரத் துண்டாக இருக்கும் என்று அதை விட்டுவிட்டேன். உடம்பு, கை, பெசாக் எல்லாவற்றையும் நேராக ஓட்டியதும் இரண்டு மணி நேரத்தில் பாஜு தயார். கண்ணாடி முன்னால் நின்றால் நன்றாகத்தான் இருந்தது. அலமாரி மேலிருந்து பெட்டியை எடுக்கக் கையைத் தூக்கினேன். பாஜு முழுவதும் கையோடு சேர்ந்து மேலே ஏறி, தொப்புள் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் எட்டினேன். டர்ர்ர்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “உங்க தாத்தா ஜிப்பாவுலயும் அக்குள்ல ஒரு துண்டு இருக்கும்டா, எதுக்குன்னு நினைச்ச?” என்றார். இதை இரண்டு மணி நேரம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

உட்கார்ந்து யோசித்தால் கணக்கு சரியாகத்தான் வருகிறது. நேராக வெட்டிய கையை நேராக வெட்டிய உடம்போடு தைத்தால் கை தூக்க அங்கே துணி கிடையாது. நவீன சட்டை அந்த இடத்தை வளைவால் சமாளிக்கிறது. இது ஒரு சதுரத்தைக் கோணலாகச் செருகிச் சமாளிக்கிறது. கை தொங்கும்போது அந்தச் சதுரம் மடிந்து ஒளிந்துகொள்ளும், தூக்கும்போது விரியும். துணியும் வீணாவதில்லை.

பிப்ரவரி 22, 23

இரண்டு நாளும் கெக்கெக்கோடுதான் போனது. நாலு இஞ்ச் சதுரம், நாலு பக்கம், நாலும் வேறு வேறு இடத்தில் ஒட்ட வேண்டும்: இரண்டு கையில், இரண்டு பெசாக்கில். முதல் தடவை மூலை வரை அப்படியே மெஷினை ஓட்டினேன். திருப்பிப் பார்த்தால் மூலை சுருங்கி, பிள்ளையார் வயிற்றில் தொப்புள் மாதிரி ஒரு குழி. பிரித்தேன். இரண்டாவது தடவையும் அதே குழி, கொஞ்சம் சின்னதாக.

பாக்சிக் தந்த பாஜுவை மறுபடி எடுத்து மூலையை உற்றுப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. தையல் துணியின் விளிம்பு வரை போகவில்லை. கால் இஞ்ச் முன்னாலேயே நின்று, அங்கே முடிச்சுப் போட்டு, அடுத்த பக்கம் புதிதாகத் தொடங்குகிறது. சதுரத்தின் நாலு மூலையிலும் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டேன். புள்ளி வந்ததும் நிறுத்து, ஊசியைத் தூக்கு, நூலை வெட்டு. மெஷினை ஓட்டினால் புள்ளியைத் தாண்டிவிடும் என்பதால் கடைசி மூன்று தையலைச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் போட்டேன். வலது பக்கம் தட்டையாக வந்தது. இடது பக்கத்தில் ஒரு மூலை மட்டும் லேசாகச் சுருங்கியது. ஒத்திகைதானே என்று விட்டேன்.

மார்ச் 1

அசல் துணி வெட்டியாயிற்று. நாலு மீட்டர் பருத்தி, மயில் கழுத்து நிறம். கடைக்காரர் அதற்கு மலாயில் ஏதோ பெயர் சொன்னார். மயில் கழுத்தை விடப் பொருத்தமாக இல்லை. நாளை நோன்பு தொடக்கம். மாலையில் மாக்சிக் வீட்டில் விளக்குச் சரம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் 8

கால்சட்டைக்கு இலாஸ்டிக் போட்டேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை.

கழுத்தில்தான் எல்லாம். தெலுக் பெலாங்காவின் கழுத்து ஓரத்துக்குக் கையால் போடும் தையல் ஒன்று உண்டு, தூலாங் பெலுட். விலாங்கு மீனின் எலும்பு என்று அர்த்தம். கழுத்து ஓரத்தை மடித்து, நூலை ஒரே நெருக்கமாகச் சுற்றிச் சுற்றி முடிச்சிட்டுக்கொண்டே போக வேண்டும். முடிந்ததும் ஓரம் முழுவதும் மெல்லிய பின்னல் கயிறு ஓடுவது மாதிரித் தெரியும். மாக்சிக்தான் சொல்லிக்கொடுத்தார். பகலெல்லாம் நோன்பு, வீட்டு வேலை, அதற்கு நடுவில் அரை மணி நேரம் உட்கார்ந்து என் விரலைப் பிடித்துக் காட்டினார். நூலை எங்கே இறுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்பதை வாயால் சொல்ல அவருக்கு வரவில்லை. என் கையிலிருந்து ஊசியை வாங்கி ஐந்து தையல் போட்டுவிட்டுத் திருப்பித் தந்தார்.

முதல் நாள் ஒன்றரை இஞ்ச். நூல் நுனியில் முறுக்கேறிச் சிக்கும். ஊசியைத் தொங்கவிட்டு அதுவாகச் சுற்றி அவிழட்டும் என்று காத்திருக்க வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து கை பழகி, ஒரு மாலைக்கு மூன்று இஞ்ச் வந்தது. என் கழுத்தில் மாக்சிக் போட்ட ஐந்து தையல் எது என்று இப்போதும் தனியாகத் தெரிகிறது.

மார்ச் 14

கழுத்து முடிந்தது. பட்டனுக்கு ஓட்டை, இஸ்திரி எல்லாம் ஆயிற்று. மீதி சாம்பிங், அதாவது இடுப்பில் சுற்றும் துணி.

நல்ல சொங்கெட், அதாவது ஜரிகை நெய்த துணியில், சாம்பிங் வாங்க வேண்டுமானால் பாஜுவின் விலையைப் போலப் பல மடங்கு ஆகும். பாக்சிக் தன்னுடைய காயின் பெலெக்காட் ஒன்றைத் தந்து, தெலுக் பெலாங்காவுக்கு இதுவே போதும் என்றார். கட்டம் போட்ட பருத்தி. வீட்டில் விரித்ததும் அப்பா, “இது நம்ம கைலிதானே” என்றார். உண்மையில் அந்தப் பெயரே நம் பக்கத்துப் பழவேற்காடுதான். 1613-ல் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டி, சோழமண்டலக் கரைத் துணியை இந்தப் பக்கத் தீவுகளுக்கெல்லாம் அனுப்பினார்கள். புலிக்காட் என்று அவர்கள் வாயில் நுழைந்தது இங்கே பெலெக்காட் ஆகிவிட்டது.

கைலி கட்டத் தெரிந்தவனுக்குச் சாம்பிங் என்ன பெரிய விஷயம் என்று நினைத்ததும் தப்பு. கை தானாகக் கணுக்கால் வரை இறக்கிக் கட்டியது. சாம்பிங் முழங்காலை ஒட்டி நிற்க வேண்டும். துணியை முதலில் நீளவாக்கில் இரண்டாக மடித்துக்கொண்டு, உள்ளே நின்று, ஒரு பக்கம் இழுத்து, மடிப்பைத் திருப்பிக் கொண்டுவந்து, இடுப்பில் சுருட்ட வேண்டும். ஏழெட்டுத் தடவை கட்டி அவிழ்த்தேன்.

மார்ச் 15

ஆறரைக்கு வாசலைத் தாண்டும்போதே பாக்சிக் நிறுத்தினார். பாஜுவுக்கு மேலே சாம்பிங் கட்டியிருந்தேன். “அது செக்காக் மூசாங்குக்கு, தம்பி.” தெலுக் பெலாங்காவுக்குத் துணியைப் பாஜுவுக்கு உள்ளே கட்ட வேண்டும், பாஜு அதன் மேல் விழும். மேலே கட்டுவது டாகாங் லுவார், உள்ளே கட்டுவது டாகாங் டாலாம். அவர் கார் நிறுத்துமிடத்தின் மூலையில் என்னை நிற்க வைத்து, பாஜுவை என் பல்லில் கடித்துக்கொள்ளச் சொல்லி, குழந்தைக்குக் கட்டுவது போலக் கட்டிவிட்டார். ஏழெட்டு ஒத்திகையும் அதோடு போயிற்று. நன்மை என்னவென்றால் என் கோணல் முடிச்சு இனி யாருக்கும் தெரியாது.

ஏழேகாலை ஒட்டித்தான் பாங்கு. அதற்கு முந்தைய பத்து நிமிடம் எனக்கு எப்போதும் பிடித்த நேரம். எல்லார் முன்னாலும் பேரீச்சம்பழம், கண்ணாடிக் குவளையில் ஆயிர் காதிரா: பால், சப்ஜா விதை, பாதாம் பிசின் மாதிரி ஒரு பிசின், நறுக்கிய பேரீச்சை. யாரும் தொடுவதில்லை, பேச்சு மட்டும் மெல்ல மெல்ல அடங்கும். குழந்தைகள்கூடக் குவளையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். பாங்கு ஒலித்ததும் ஒரே நேரத்தில் அறுபது கைகள் பேரீச்சைக்கு நீளும்.

அப்புறம் பூபூர் லாம்புக். நம் நோன்புக் கஞ்சிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று சொல்லலாம். மிளகும் கிராம்பும் தூக்கலாக இருக்கும். வழக்கமாக மாட்டிறைச்சி போடுவார்கள். எங்களுக்காக மாக்சிக் ஒரு சின்னப் பானையில் கோழி போட்டுத் தனியாக வைத்திருப்பார், ஒன்பது வருடமாக. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, பானை மட்டும் சரியாக எங்கள் பக்கம் வந்துவிடும்.

மக்ரிப் தொழுகை முடிந்து வந்ததும் நாசி அம்பெங். பெரிய தட்டில் வாழை இலை, நடுவில் சோறு, சுற்றிலும் கோழி, வறுத்த மீ (நூடுல்ஸ்), செருண்டிங் (வறுத்த தேங்காய்த் துருவல்), கருவாடு. நாலு பேருக்கு ஒரு தட்டு. எனக்கு எதிரில் உட்கார்ந்தவர் பக்கம்தான் கருவாடு இருந்தது. தட்டைத் தாண்டிக் கையை முழுவதும் நீட்டி எடுத்தேன். எடுத்து வாயில் போட்ட பிறகுதான் உறைத்தது: தோளில் இழுக்கவில்லை, இடுப்பில் ஏறவில்லை, ஒன்றும் டர் என்று கேட்கவில்லை. மறுபடியும் நீட்டினேன். தேவையே இல்லாமல் கொஞ்சம் செருண்டிங் எடுத்தேன். எதிரில் இருந்தவர் தட்டை என் பக்கம் திருப்பி வைத்தார், பாவம், ரொம்பப் பசி என்று நினைத்திருப்பார்.

கடைசியாகத் தெப்போங் பெலித்தா, பச்சை இலைத் தொன்னையில் பாண்டான் (ரம்பை) இலைக் கூழும் மேலே தேங்காய்ப் பாலும். பெலித்தா என்றால் விளக்கு. இரண்டு சாப்பிட்டேன்.

கிளம்பும்போது மாக்சிக் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். கழுத்தைப் பார்த்தார், தன்னுடைய ஐந்து தையலைச் சரியாகத் தொட்டார். பிறகு என் கையைத் தூக்கச் சொல்லி வலது அக்குளைப் பார்த்தார், தலையாட்டினார். இடது அக்குளைப் பார்த்தார். ஒரு மூலையைக் கட்டைவிரலால் இரண்டு தடவை நீவினார். ஒத்திகையில் சுருங்கிய அதே மூலை அசலிலும் சுருங்கியிருந்தது எனக்குத் தெரியும். இஸ்திரியில் அழுத்தி மறைத்திருந்தேன். ஒன்றும் சொல்லாமல் கையை விட்டுவிட்டார்.

மார்ச் 17

காயின் பெலெக்காட்டைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். பாஜுவில் குழம்புக் கறை ஒன்று, எலுமிச்சை தேய்த்ததும் போய்விட்டது. இடது கெக்கெக்கை நாலு பக்கமும் பிரித்துப் போட்டிருக்கிறேன். ஹரி ராயாவுக்கு, அதாவது நோன்புப் பெருநாளுக்கு, இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.