கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்த படங்கள்

மே 3, 2025, சனி

கையில் இருந்த படத்தின் எடிட்டிங் முடிந்துவிட்டது, அடுத்தது இன்னும் வரவில்லை. அண்ணன் மகன் கோடை லீவுக்கு வந்திருக்கிறான். வீடியோ கேமிலிருந்து எடுத்த படங்களை வரிசையாகப் பார்ப்பது என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம். அவனுக்குப் பொழுதுபோக வேண்டும். எனக்கு, நல்ல கேம்களிலிருந்து ஏன் இத்தனை சுமாரான படங்கள் வருகின்றன என்று பார்க்க வேண்டும்.

முதலில் 1993-இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்'. நடிகர்களை வைத்து ஒரு கேமை ஹாலிவுட் பெரிய அளவில் எடுத்த முதல் படம். பாப் ஹாஸ்கின்ஸ் மாரியோ, டென்னிஸ் ஹாப்பர் வில்லன். கேமின் கதை ஒரு வரிதான்: இளவரசியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், வலது பக்கமாக ஓடு, குதி. இதை வைத்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்ட முடியாது என்று பயந்து, டைனோசர்கள் மனிதர்களாக வளர்ந்த இன்னொரு உலகம், பூஞ்சையாகிப்போன ராஜா என்று என்னென்னமோ சேர்த்திருக்கிறார்கள். நான் நடித்ததிலேயே மோசமானது இதுதான் என்று ஹாஸ்கின்ஸே பின்னாளில் சொல்லிவிட்டார்.

பையன் பாதி படம்வரை பொறுமையாக இருந்தான். மாரியோ இதில் தானாகக் குதிப்பதில்லை, குதிப்பதற்கென்று இயந்திர பூட்ஸ் வைத்திருக்கிறார்கள். "குதிக்கறதுக்கு எதுக்கு சித்தப்பா மிஷின்?" என்றான். இதைவிடச் சுருக்கமாக யாரும் விமர்சனம் எழுதியிருக்க மாட்டார்கள்.

மே 4, ஞாயிறு

2023-இல் வந்த அனிமேஷன் மாரியோ. இது சுமார் 136 கோடி டாலர் வசூலித்தது. மாரியோவை உருவாக்கிய மியாமோட்டோவே தயாரிப்பாளர்களில் ஒருவர். அண்ணனும் தம்பியும் புரூக்ளினில் வேலைக்கு ஓடும்போது கேமரா பக்கவாட்டில் கூடவே நகர்கிறது, அப்படியே கேம் மாதிரி. பையன் சோபாவில் எழுந்து நின்றுவிட்டான். எனக்கும் பிடித்தது. ஆனால் நம் கேள்விக்கு இது பதில் இல்லை. ஏற்கெனவே ஆடியவர்களுக்குப் பழைய ஆல்பத்தைப் புரட்டிக் காட்டும் படம் இது.

மே 7, புதன்

'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'. 2010 படம், ஜேக் ஜில்லன்ஹால். 33 கோடி டாலருக்கு மேல் வசூல் ஆனதால் தோல்வி என்று சொல்ல முடியாது. யாருக்கும் நினைவில் இல்லை, அவ்வளவுதான்.

இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாக எழுத வேண்டும். ஏனென்றால் 'கேமைப் புரிந்துகொள்ளாதவர்கள் எடுத்தார்கள்' என்ற வழக்கமான சமாதானம் இங்கே செல்லாது. இந்தக் கேமை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர்தான் படத்தின் கதையையும் எழுதியவர். சினிமா பைத்தியம். 1989-இல் முதல் கேமைச் செய்தபோது, தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் விட்டு வீடியோ எடுத்து, அதை ஃபிரேம் ஃபிரேமாக வரைந்துதான் இளவரசனின் அசைவுகளைக் கொண்டுவந்தார். அப்படிப்பட்டவரே எழுதியும் ஏன் ஒட்டவில்லை?

படத்துக்கு அடிப்படை 2003-இல் வந்த 'சாண்ட்ஸ் ஆஃப் டைம்'. அதில் இளவரசனிடம் ஒரு கட்டாரி இருக்கிறது, அதற்குள் மணல். தாவும்போது கை தவறிப் பள்ளத்தில் விழுகிறீர்கள். பட்டனை அழுத்திப் பிடித்தால் காலம் பின்னால் ஓடும், விழுந்தவன் மேலே எழும்பி விளிம்புக்கே வந்துவிடுவான். மறுபடி தாவலாம். மணல் தீர்ந்திருந்தால் சாவுதான். அப்போது ஒரு அழகான காரியம் நடக்கும். கதையை ஆரம்பத்திலிருந்து இளவரசனின் குரல்தான் சொல்லிக்கொண்டு வருகிறது. நீங்கள் செத்ததும் அந்தக் குரல், இல்லையில்லை, அப்படி நடக்கவில்லை என்று திருத்தும். உங்கள் தோல்வி, கதை சொல்கிறவனின் நாப்பிசகாக மாறிவிடும்.

கடைசியில் காலம் முழுவதும் பின்னால் சுழன்று போரே நடக்காத இரவுக்குப் போகிறது. கூடவே இருந்து சண்டை போட்டு, சுவர் ஏறி, கிண்டல் செய்த ஃபாராவுக்கு இப்போது இவனை யாரென்றே தெரியாது. இவ்வளவு நேரம் அந்தக் குரல் கதை சொன்னது அவளிடம்தான். பயமாக இருந்தால் சொல் என்று அம்மா சின்ன வயதில் சொல்லிக்கொடுத்த ரகசிய வார்த்தை ஒன்று அவளிடம் உண்டு. பயணத்தின் நடுவே இவனிடம் மட்டும் சொல்லியிருப்பாள். போகும்போது பெயர் என்ன என்று அவள் கேட்க, இவன் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போய்விடுவான்.

படத்திலும் ஏறக்குறைய இதே முடிவு. காலம் திரும்புகிறது, அண்ணன்மார் உயிரோடு இருக்கிறார்கள், இளவரசிக்கு இவனைத் தெரியாது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, 'சரி, எல்லாம் சுபம்' என்றுதான் தோன்றியது. கேமில் அதே இடத்தில் தொண்டை அடைத்தது. அந்த ராத்திரிகளில் அவளோடு ஏறிய சுவர்கள் எல்லாம் என் விரல்கள் ஏறியவை. அவள் மறந்ததும் என் உழைப்பு காணாமல் போனது. படத்தில் காணாமல் போனது ஜில்லன்ஹாலின் உழைப்பு. அவருக்குச் சம்பளம் கொடுத்துவிட்டார்கள்.

மே 8, வியாழன்

நேற்றையதன் தொடர்ச்சி. எங்கள் தொழிலே, ஆள் நடந்துபோய்க் கதவைத் திறக்கும் நேரத்தை வெட்டுவதுதான். வெட்டாவிட்டால் செகண்ட் ஹாஃப் லேக் என்று எழுதிவிடுவார்கள். கேமிலோ பிரியம் சேர்வதே அந்த நேரத்தில்தான்.

'ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்' என்று 2005-இல் ஒரு ஜப்பானிய கேம், ஃபுமிடோ உவெடா செய்தது. பதினாறு ராட்சத உருவங்கள், வேறு எதிரியே கிடையாது. ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் குதிரையில் போக வேண்டும். வெட்டவெளி, காற்று, குளம்புச் சத்தம். வழியில் எதுவும் நடக்காது. ஆனால் பின்னால் பாலம் இடிந்து அந்தக் குதிரை பள்ளத்தில் விழும்போது வலிக்கும் பாருங்கள், அந்த வலி முழுக்க எதுவும் நடக்காத அந்தச் சவாரிகளிலிருந்து வந்தது. இதைப் படமாக்கப்போவதாக 2009-இல் அறிவித்தார்கள். இயக்குநர் பெயர்கள் மாறின, படம் வரவில்லை. அந்தச் சவாரி ஃபுட்டேஜ் என் மேஜைக்கு வந்தால் இருபது விநாடிக்கு மேல் விடமாட்டேன். விட்டால் தயாரிப்பாளர் என்னை விடமாட்டார்.

மே 11, ஞாயிறு

'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' கேமிலிருந்து வந்த சீரியல், 2023 சீசன். பையனுக்கு வயது போதாது என்பதால் அவன் தூங்கிய பிறகு, கடைசி எபிசோடை மட்டும் மறுபடி பார்த்தேன்.

கேமில் கடைசியில், ஜோயலாக ஆடும் நாம் ஆஸ்பத்திரி அறைக்குள் நுழைகிறோம். மேஜையில் மயக்கத்தில் எல்லி, ஜோயல் இவ்வளவு தூரம் கூட்டிவந்த சிறுமி, உலகை அழித்த தொற்று ஒட்டாதவள். அவளை அறுத்தால் உலகத்துக்கு மருந்து கிடைக்கலாம். குறுக்கே டாக்டர், கையில் சின்னக் கத்தியோடு. அவரைக் கொல்லாமல் கதை நகராது. ஜோயல் செய்யப்போவது தப்பு என்று நினைத்தாலும் பட்டனை அமுக்க வேண்டியது நாம்தான். சீரியலில் ஜோயலாக வரும் பெட்ரோ பாஸ்கல் சட்டென்று சுட்டுவிடுகிறார். நடிப்பில் குறையில்லை. நான் அவருக்குத் தீர்ப்பு சொல்லிக்கொண்டு நாற்காலியில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தேன், அதுதான் வித்தியாசம்.

ஆனால் சீரியல் ஜெயித்த இடமும் உண்டு. கேமில் ஃபிராங்க் என்பவன் வெறும் பிணம், பக்கத்தில் கூட வாழ்ந்த பில்லைத் திட்டி ஒரு கடிதம். சீரியலை உருவாக்கிய கிரெய்க் மேசினும் கேமை எழுதிய நீல் டிரக்மனும் மூன்றாவது எபிசோடில் அந்தப் பிணத்துக்கு ஒரு முழு வாழ்க்கை கொடுத்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து வாழ்ந்து, சண்டை போட்டு, தோட்டத்தில் ஸ்ட்ராபெரி விளைவித்துக் கிழவர்களாகும் கதை. எதிரிகளைச் சுட்டுக்கொண்டே போகும் ஆட்டத்தில் இதற்கு இடமே கிடையாது. ஆடுகிறவன் எட்டிப்பார்க்க முடியாத பக்கம் கேமரா போனது, போனதால் பிழைத்தது.

மே 14, புதன்

'டூம்', 2005. பாதிக்கு மேல் ஓட்டிவிட்டுத்தான் பார்த்தோம். ஒரே ஒரு இடம் சொல்ல வேண்டும்: சுமார் ஐந்து நிமிடம் கேமரா துப்பாக்கிக்குப் பின்னால், கேமில் இருப்பது போலவே. போரடிக்கிறது என்றான் பையன்.

"யூடியூப்ல மணிக்கணக்கா அடுத்தவன் ஆடறதைப் பார்க்கறியே, அது போரடிக்கலையா?"

"அதுல அவன் தோத்துடலாம் சித்தப்பா. இதுல தோக்க மாட்டான்னு தெரியுமே."

எனக்கு எதிர்வாதம் கிடைக்கவில்லை.

மே 17, சனி

அப்புறம் தோன்றியது: தோற்பதைக் கதையாக எடுத்த படங்கள் இருக்கின்றனவே. அவை எந்தக் கேமிலிருந்தும் வரவில்லை என்பதுதான் வேடிக்கை. நம்ம ஊரில் 2019-இல் அஸ்வின் சரவணன் எடுத்த 'கேம் ஓவர்' அப்படி ஒன்று. டாப்ஸி கேம் டிசைனர், வீட்டுக்குள் கொலைகாரர்கள், மூன்று உயிர். ஒரு உயிர் போனதும் மறுபடி முதலிலிருந்து. தொடக்கம் மெதுவாகத்தான் போகிறது, ஆனால் இரண்டாவது உயிரில் என்ன மாற்றிச் செய்வாள் என்று கவனிக்க ஆரம்பித்துவிட்டோம் என்றால் நாமும் ஆடுகிறோம் என்று அர்த்தம்.

'எட்ஜ் ஆஃப் டுமாரோ' இன்னும் கெட்டிக்காரத்தனம். ஹிரோஷி சகுரசாகாவின் ஜப்பானிய நாவலிலிருந்து 2014-இல் வந்தது. டாம் குரூஸ் செத்துச் செத்து அதே நாளில் கண் விழிக்கிறார். ஒரு பண்ணை வீட்டில் எமிலி பிளண்டுக்குக் காபி கலக்கிறார், கேட்காமலே மூன்று சர்க்கரை. அவள் முகம் மாறுகிறது. இந்த வீட்டுக்கு இவன் இப்போதுதான் வருகிறான் என்று நாமும் நம்பிக்கொண்டிருந்தோம். இதற்கு முன் எத்தனை தடவை இங்கே வந்து அவளைச் சாகக் கொடுத்தான் என்பது ஒரு ஷாட்கூடக் காட்டாமல் புரிகிறது. வெட்டி எறிந்த நேரம் அந்த மூன்று சர்க்கரையில் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த 'கட்'டை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். பையன் ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டான்.