அம்மா வீட்டுப் பெயர்

பழைய ரெஜிஸ்டர்களைப் படித்துத் தட்டச்சு செய்வது என் வேலை. வெளிநாட்டில் யாரோ ஒருவர், தன் தாத்தாவின் தாத்தா மெட்ராஸில் சிப்பாயாகவோ குமாஸ்தாவாகவோ இருந்ததாகக் கேள்விப்பட்டிருப்பார். பணம் கட்டித் தேடச் சொல்வார். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துப் பாதிரிகள் எழுதிவைத்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. வங்காளத்துக்கு ஒரு வரிசை, மெட்ராஸுக்கு ஒன்று, பம்பாய்க்கு ஒன்று. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றின் ஸ்கேன் படங்கள் என் திரையில்.

அந்தக் காலக் கையெழுத்தில் ஒரு எஸ் எழுத்து எஃப் மாதிரி நீண்டு நிற்கும். முதல் வாரம் முழுக்க எல்லா மிஸ்ஸையும் மிஃப்ஸ் என்று படித்துக்கொண்டிருந்தேன். அது பத்து நாளில் பழகிவிட்டது. பழகாத விஷயம் வேறு. ஒரு ஆணுக்கு ரெஜிஸ்டர் தவிர சம்பளப் பட்டியல், பதவி உயர்வு, உயில், கோர்ட்டு வழக்கு என்று எங்கேயாவது தடம் கிடைக்கும். பெண்ணுக்குப் பெரும்பாலும் மூன்று வரிதான். ஞானஸ்நானத்தில் இன்னாரின் மகள். கல்யாணத்தில் ஸ்பின்ஸ்டர், அதாவது மணமாகாதவள். அடக்கத்தில் இன்னாரின் மனைவி. இந்த மூன்று வரிக்கு நடுவே அவள் முப்பது வருடமோ அறுபது வருடமோ வாழ்ந்திருப்பாள்.

எங்களுக்குப் பயிற்சி தந்தவர் ஆவணக் காப்பக வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். சார் என்றுதான் கூப்பிடுவோம். அவர் கொடுத்த முதல் பயிற்சி ஒரு பழைய கேஸ்: எலைசா டிரேப்பர். பிறந்தது 1744 ஏப்ரல் 5, அஞ்சுதெங்கு. திருவனந்தபுரத்துக்கு வடக்கே, கடலோரம். ஐந்து தென்னை என்று பெயரிலேயே இருக்கிறது. ஆங்கிலேயர்கள் அதை அஞ்செங்கோ ஆக்கி, அங்கே ஒரு சின்னக் கோட்டை கட்டி மிளகு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா மே ஸ்கிளேட்டர், கம்பெனி உத்தியோகஸ்தர். அம்மா ஜூடித் வைட்ஹில். ஜூடித்தின் பிறந்த வீட்டாரும் கம்பெனி ஆட்கள்தான். அப்பா, அம்மா இருவருமே எலைசா சிறுமியாக இருந்தபோதே இறந்துவிட்டார்கள். படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1757 டிசம்பர் கடைசியில் பம்பாயில் வந்து இறங்கினாள். 1758 ஜூலை 28 அன்று டேனியல் டிரேப்பருக்குக் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்கள்.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். பயிற்சித் தாளில் கல்யாணத்துக்கான பகுதியில் வயது என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் காலத்துக் கல்யாண வரிகளில் பெரும்பாலும் வயது போடுவதே இல்லை. ஆனால் பிறந்த தேதி என் கையில் இருக்கிறதே, கணக்குப் போட்டேன். பதினான்கு. கட்டத்தில் 14 என்று அடித்தேன். தரம் பார்க்கிறவர்கள் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பார்த்ததை மட்டும் எழுது, ஊகித்ததை எழுதாதே என்பது விதி. நல்ல விதிதான், இல்லையென்றால் எங்கள் மாதிரி ஆட்கள் கதை எழுத ஆரம்பித்துவிடுவோம். ஆனாலும் அந்த வரியில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே விஷயம் அந்த எண்தான் என்று எனக்குப் பட்டது. மாப்பிள்ளைக்குக் கிட்டத்தட்ட இருபது வயது கூட. சட்டப்படி தப்பே இல்லை. பெண்ணுக்குப் பன்னிரண்டு ஆனால் போதும் என்பதை இங்கிலாந்தே 1929 வரை மாற்றவில்லை. நம் ஊரில் பெண்ணுக்குப் பதினான்கு ஆக வேண்டும் என்று சாரதா சட்டம் வந்ததும் அதே 1929-இல்தான். வெள்ளைக்காரன் வந்து நமக்குச் சொல்லிக்கொடுத்தான் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

1759-இல் ஒரு பையன், 1761-இல் ஒரு பெண். 1765-இல் கணவன் மனைவி பிள்ளைகளோடு இங்கிலாந்து போனார்கள். கணவர் முதலில் திரும்பிவிட்டார். பிள்ளைகளை அங்கேயே படிக்க விட்டுவிட்டு எலைசா 1767 ஏப்ரலில் தனியாகக் கப்பல் ஏறினாள். அதற்கு முந்தைய மூன்று மாதம்தான் அவளைப் பிரபலமாக்கியது. லாரன்ஸ் ஸ்டெர்ன் என்ற புகழ்பெற்ற நாவலாசிரியர், காசநோய்க்காரர், ஐம்பது தாண்டியவர், லண்டனில் ஒரு நண்பர் வீட்டில் அவளைப் பார்த்து உருகிப்போனார். அவள் கப்பல் போன பிறகு அவளுக்காகவே ஒரு நாட்குறிப்பு எழுதினார். அடுத்த மார்ச்சில் இறந்துபோனார். எலைசாவைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அவரால்தான் தெரியும். எனக்கு அந்தப் பகுதி அவ்வளவு ருசிக்கவில்லை. அவர் எழுதியதில் அவர்தான் நிறைய இருக்கிறார்.

எனக்குப் பிடித்தது 1769-இல் தலச்சேரியிலிருந்து அவள் எழுதியது. டிரேப்பர் அங்கே கம்பெனியின் தலைவராக இருந்தார். ஹைதர் அலியுடன் கம்பெனி மோதிய காலம். நான் மாறி மாறி ஒரு வியாபாரிக்கும் ஒரு சிப்பாய்க்கும் ஒரு சத்திரக்காரருக்கும் மனைவியாக இருக்கிறேன், தலச்சேரித் தலைவர் இத்தனையாகவும் இருக்க வேண்டியிருக்கிறது என்கிறாள். கணவரின் அலுவலகக் கடிதங்களையும் அவள்தான் எழுதித் தந்திருக்கிறாள். சம்பளமில்லாத குமாஸ்தா. தலைவரின் பெயரில் போன கடிதத்தில் யார் கை இருந்தது என்று எந்தப் பட்டியலிலும் கட்டம் இல்லை. அன்றிலிருந்து நான் எந்த அலுவலகக் கடிதத்தைத் திறந்தாலும் கையெழுத்தையும் கையொப்பத்தையும் தனித்தனியாகப் பார்க்கிறேன். இரண்டும் வேறு கையாக இருந்தால் ஒரு நிமிடம் நின்றுதான் மேலே போவேன்.

அப்புறம் பம்பாய். 1772 ஏப்ரலில் லண்டன் தோழிக்கு ஒரு நீண்ட கடிதம். இந்தியாவுக்கென்று வளர்க்கப்படும் பெண்களுக்கு ஒரே ஒரு விஷயத்தைத்தான் முக்கியம் என்று சொல்லித் தருகிறார்கள், காசுள்ள இடமாகப் பார்த்துச் சீக்கிரம் ஒதுங்குவது என்று குறைபட்டிருக்கிறாள். படித்துவிட்டு நானும் பக்கத்து நாற்காலித் தோழியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவளுக்கு அந்த மாதம்தான் பெண் பார்க்க வந்திருந்தார்கள்.

1773 ஜனவரி 14 இரவு. பம்பாயின் மசகான் பகுதியில், கடலை ஒட்டிய வீடு. எலைசா வெளியேறி, சர் ஜான் கிளார்க் என்ற கடற்படை அதிகாரியின் கப்பலுக்குப் போய்விட்டாள். ஜன்னல் வழியாகக் கயிற்றைப் பிடித்து இறங்கினாள் என்று பம்பாயில் ரொம்ப காலம் கதை உலவியது. போகும்போது கணவருக்கு ஒரு கடிதம் எழுதிவைத்தாள். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் உங்களுக்கு ஒருநாளும் செலவு வைக்க மாட்டேன் என்று அதில் ஒரு வரி. கோபம், அழுகை எல்லாவற்றையும் தாண்டி அந்தச் செலவு என்ற வார்த்தை என்னை நிறுத்தியது. கல்யாணமான பெண்ணுக்குச் சொந்தமாகச் சொத்து என்று பெரிதாக எதுவும் நிற்காத சட்டம் அது. விவாகரத்து என்றால் பாராளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்ற வேண்டும்.

அதோடு ரெஜிஸ்டரில் அவள் காணாமல் போகிறாள். பயிற்சியில் எங்களுக்கு வந்த கேள்வி: அடுத்து எங்கே தேடுவீர்கள்? நான் டிரேப்பர் என்று மெட்ராஸ், வங்காளம், பம்பாய் மூன்றிலும் போட்டுப் பார்த்தேன். பிறகு கிளார்க். அரை நாள் போனது. சார் பின்னால் வந்து நின்றார்.

“ஏம்மா, ஒரு பொண்ணு புருஷன் வீட்டை விட்டுக் கிளம்பினா எங்க போவா?”

“அம்மா வீட்டுக்கு சார்.”

“அம்மா உயிரோட இல்ல.”

“அப்படின்னா மாமா வீட்டுக்கு.”

“அப்ப அங்க தேடாம இங்க என்ன பண்ற?”

வைட்ஹில் என்று போட்டேன். கிழக்குக் கரையில் மசூலிப்பட்டினம், ராஜமுந்திரிப் பக்கம் கம்பெனி வேலையில் ஒரு வைட்ஹில். எலைசாவின் தாய்மாமன். 1774 ஜனவரியில் அவள் ராஜமுந்திரியிலிருந்து கடிதம் எழுதியிருக்கிறாள். யாருக்கு? ஸ்கிளேட்டருக்கு, இங்கிலாந்தில் இருந்த அப்பாவழி உறவினருக்கு. அந்தக் குடும்பம் அவள் கடிதங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பத்திரமாக வைத்திருந்தது. ஆக, கடிதம் போனது அப்பா வீட்டுப் பெயருக்கு, அவள் போய்ச் சேர்ந்தது அம்மா வீட்டுப் பெயருக்கு. டிரேப்பரையே பிடித்துத் தொங்கியிருந்தால் இரண்டுமே கிடைத்திருக்காது. எங்கள் படிவத்தில் உறவுமுறை என்ற கட்டத்தில் அங்கிள் என்றுதான் அடிக்க முடியும். சித்தப்பாவும் அங்கிள், மாமாவும் அங்கிள். இந்தக் கேஸில் முழு விஷயமும் அந்த வித்தியாசத்தில்தான் இருந்தது.

அந்த நீண்ட பம்பாய்க் கடிதமும் ஸ்டெர்னின் நாட்குறிப்பும் தப்பித்தது இன்னும் அதிசயம். இங்கிலாந்தில் பாத் என்ற நகரில் கிப்ஸ் என்ற பதினொரு வயதுப் பையன், அப்பா இறந்த பிறகு ஒரு அறையில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய காகிதக் குவியலில் விளையாடிக்கொண்டிருந்தான். மெழுகுவர்த்தி ஏற்றக் கிழித்துத் தீர்க்க வேண்டிய காகிதங்கள். அதில் இவற்றைக் கண்டு எடுத்து வைத்தான். பெரியவனாகி உயில் எழுதிவைக்க, 1894-இல் அவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போயின. எங்கள் பாட்டி வீட்டில் தாத்தாவின் டைரிகளை வெந்நீர் அடுப்பில் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். நானும் பத்துப் பதினொரு வயதுதான். விசிறிக்கொண்டிருந்தேன்.

டிரேப்பரைப் பற்றி ஒரு வார்த்தை. நமக்குத் தெரிவதெல்லாம் அவள் தரப்பு. வேலைக்காரியோடு அவருக்குத் தொடர்பு இருந்தது என்று அவள் சொல்கிறாள். அவளே இன்னொருவர் கப்பலில்தான் போகிறாள். அவர் பக்கத்தில் இருப்பது பதவி, ஊர், மாற்றல் உத்தரவு. அவர் ராத்திரி என்ன நினைத்தார் என்று சொல்ல ஒரு காகிதம் என் கண்ணில் படவில்லை. ஒருமுறையாவது ஆணுக்கு வெறும் வரிகளும் பெண்ணுக்குக் குரலும் மிஞ்சியதில் எனக்குக் கொஞ்சம் அல்ப சந்தோஷம் உண்டு. ஆனால் அது நியாயத் தீர்ப்பு இல்லை.

அவள் 1774-இல் இங்கிலாந்து திரும்பினாள். 1778 ஆகஸ்ட் 3 அன்று இறந்தாள். பிரிஸ்டல் கதீட்ரலில் நினைவுக்கல் இருக்கிறது. அறிவும் கருணையும் ஒன்றுசேர்ந்தவள் என்று பொறித்து, வயது 35 என்கிறது. கணக்குப்படி 34. சாரிடம் காட்டினேன். “நடப்பு முப்பத்தஞ்சு” என்றார், ஜாதகம் பார்க்கிற மாதிரி. அதற்கும் சிவப்புக் கோடு வருமா என்று கேட்டேன். கல்லில் இருப்பதை அப்படியே அடி, 34 என்பதை உன் நோட்டில் எழுதிக்கொள் என்றார். நோட்டு போடும் பழக்கம் அன்று வந்ததுதான்.

இப்போது என்னிடம் ஒரு கேஸ் இருக்கிறது. மெட்ராஸில் கல்யாணமான ஒரு பெண், பிறகு எந்த ரெஜிஸ்டரிலும் இல்லை. புருஷன் மட்டும் பல வருடம் கழித்துத் தனியாக அடக்கமாகியிருக்கிறார். குடும்பத்தில் யாரும் அவளைப் பற்றிப் பேசியதில்லையாம். அவள் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன என்று கேட்டு எழுதினேன். தெரியாது என்று பதில். ஞானஸ்நான வரியில் அம்மா பெயர் மேரி என்று மட்டும் இருக்கிறது, அதற்கு மேல் எழுதப் பாதிரிக்குத் தோன்றவில்லை. அந்த மேரியின் கல்யாண வரியைக் கண்டுபிடித்தால் வீட்டுப் பெயர் கிடைக்கும். 1790-இலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன். மெட்ராஸில் மேரிகள் நிறைய.