672 கட்டங்கள்: எட்டாவது வாரம்

என் நேரமெல்லாம் எதில் போகிறது என்று ஒரு நோட்டில் குறித்துவருகிறேன். ஏழு வாரம் சொதப்பிய பிறகு, இந்த வாரம்தான் அது முழுக்க நிரம்பியிருக்கிறது. வாரத்துக்கு 168 மணி நேரம், கால் மணிக்கு ஒரு கட்டம் என்று போட்டால் 672. கட்டம் போட்ட நோட்டில் இரண்டு பக்கம் போதும். ஒரு நாளுக்கு 96 கட்டமா என்று முதலில் மலைப்பாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

என்னைப் பாடாய்ப்படுத்தியது கட்டத்தை எப்போது நிரப்புவது என்பதுதான். முதல் மூன்று வாரம் இரவு படுக்கும் முன் நினைவிலிருந்து எழுதினேன். அது சுத்தப் பொய்க்கணக்கு. "மரவேலை, இரண்டு மணி நேரம்" என்று கூசாமல் எழுதியிருக்கிறேன். மறுநாள் கடிகாரம் வைத்துப் பார்த்தால் உளி கையில் இருந்தது ஐந்தே கட்டம். மீதி நேரமெல்லாம் பென்சில் தேடியது, போனைப் பார்த்தது. பிறகு மணிக்கொரு தரம் அலாரம் வைத்தேன். அடித்ததும் கடந்த நான்கு கட்டம் மட்டும், அதற்கு முன்னால் விட்டுப்போனது விட்டதுதான்.

அடுத்த தலைவலி, பாதி இது பாதி அது என்று வரும் கட்டம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிறம் என்பதால், எட்டு நிமிடத்துக்கு மேல் எது ஓடியதோ அதன் நிறம் என்று முடிவு செய்தேன். எதிலும் சேராமல், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கரைந்தது என்றால் பென்சிலால் சாய்கோடு. இந்தச் சாய்கோடுகளைத்தான் இந்த வாரம் எண்ணினேன். 61! பதினைந்தேகால் மணி நேரம். நேரமே இல்லை என்று எல்லோரிடமும் புலம்பிக்கொண்டிருந்தவன் நான்.

சரி, அதை அப்படியே மீட்டுவிடலாம் என்று பார்த்தால் முடியாது. 61-ல் முக்கால்வாசி, ஒற்றைக் கட்டமாகச் சிதறிக் கிடக்கிறது. மரவேலைக்கு மேசையை ஒழித்து இழைப்புளியை எடுத்து வைக்கவே ஒரு கட்டம், கூட்டிப் பெருக்கி மூட இன்னொன்று. ஆறு கட்டமாவது சேர்ந்தாற்போல் கிடைக்காவிட்டால் தொடவே கூடாது. கிடாருக்கு இரண்டு கட்டம் தாராளம். உளியைச் சாணைக்கல்லில் தீட்ட ஒன்றே போதும். ஆக, வார நாள் மாலையில் கிடார், சனி ஞாயிறு காலையில் நான் செய்துகொண்டிருக்கும் மரப்பெட்டி வேலை. மூன்றாவதாக ஆரம்பித்த ஓவியத்தை நிறுத்திவிட்டேன். வண்ணக் குழாய்களைக் கண்ணில் படாத பரணில் ஏற்றியாயிற்று. கொஞ்சம் வலித்தது.

பொமடோரோவையும் விடவில்லை. 1980களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரிலோ தக்காளி வடிவச் சமையலறை டைமரை வைத்துத் தொடங்கிய முறை. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு, கச்சிதமாக இரண்டு கட்டம். கிடாருக்கு அருமை. ரம்பம் பாதி மரத்தில் நிற்கும்போது மணி அடித்தால்தான் எரிச்சல்.

நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை: தாள் மெல்லியதாக இருந்தால் ஸ்கெட்ச் பேனா மறுபக்கம் ஊறும். கலர் பென்சிலுக்கு மாறிவிட்டேன். அடுத்த நோட்டில் "காத்திருப்பு" என்று தனி நிறம் வேண்டும். பசை காய்கிற நேரத்தை இப்போது எதில் போடுவதென்றே தெரியவில்லை.

பெட்டியின் பக்கங்கள் இப்போது கிளாம்ப்பில் இருக்கின்றன. மூடி இன்னும் வெட்டவில்லை. சனிக்கிழமை காலை எட்டுக் கட்டம் அதற்கு. போன் பக்கத்து அறையில்.