கண்ணை மூடினால் காதில் இரைச்சல்: முகவாதத்துக்குப் பிறகு

முகவாதம் வந்து ஒரு பக்க முகம் செயலிழந்து, ஸ்டீராய்டு மாத்திரையில் முகம் ஓரளவு நேராகி, சில மாதங்கள் கழித்து அதே பக்கக் காதில் இரைச்சல் ஆரம்பித்தது. 'ங்ங்' என்ற ரீங்காரம் இல்லை, மைக்கில் காற்று மோதுவதுபோல ஒரு கனத்த படபடப்பு. கண்ணை இறுக்கி மூடினால் வரும், உதட்டைக் குவித்தால் வரும். முகம் சும்மா இருந்தால் காதும் சும்மா இருக்கும்.

முதலில் பார்த்த காது மூக்கு தொண்டை மருத்துவர் செவிப்பறையைப் பார்த்தார், ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் சோதனை எடுத்தார். இரண்டும் நார்மல். ஒரு பக்கம் மட்டும் இரைச்சல் என்பதால் செவிநரம்பில் கட்டி இருக்கிறதா என்று எம்ஆர்ஐயும் எடுக்கச் சொன்னார். அதிலும் ஒன்றுமில்லை. "பழகிடும்" என்றார். எனக்கு மனசு ஆறவில்லை.

அடுத்த மருத்துவர் கேட்டது ஒன்றுதான்: "என்ன செய்யும்போது வருது?" சொன்னதும், செவிப்பறையின் அசைவை அளக்கும் டிம்பனோமெட்ரி கருவியைக் காதில் பொருத்தி, கண்ணை இறுக்கி மூடித் திறக்கச் சொன்னார். மூடும்போதெல்லாம் திரையில் கோடு ஆடியது. முகத்தை அசைக்காமல் எடுத்தால் இது சிக்காதாம். உங்களுக்கும் இப்படி இருந்தால், எந்த அசைவில் சத்தம் வருகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காரணம் இதுதான். முக நரம்பின் ஒரு கிளை நடுக்காதில் ஸ்டேபிடியஸ் என்ற தசைக்கும் போகிறது. சுமார் 6 மில்லிமீட்டர்தான், உடம்பின் எலும்புத் தசைகளிலேயே சின்னது. பெரிய சத்தம் கேட்டால் நடுக்காதின் குட்டி எலும்பான அங்கவடியை இழுத்துப் பிடிப்பது அதன் வேலை. முகவாதம் வந்த புதிதில் தட்டு விழும் சத்தம்கூடக் காதில் அறைந்ததே, அது இந்தத் தசை செயலிழந்ததால். நரம்பு திரும்ப வளரும்போது இமைக்குப் போகவேண்டிய இழை சில சமயம் வழிமாறி இங்கே வந்துவிடுகிறது. அப்புறம் இமையை மூடினால் காதுத் தசையும் சேர்ந்து இழுக்கிறது. சிரித்தால் கண் சுருங்குவதும் இதே குளறுபடிதான்.

தொந்தரவு இல்லையென்றால் அப்படியே விடலாம் என்றார் அந்த இரண்டாவது மருத்துவர். பிசியோதெரபிஸ்ட் கண்ணாடி முன்னால் மெல்லிய அசைவுகளைப் பழக்கினார். முகத்தைப் பலமாகச் சுளிக்கும் பயிற்சி கூடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். கண் சுருங்குவது கொஞ்சம் குறைந்தது, காது குறையவில்லை. கடைசியில் செவிப்பறையைத் தூக்கி அந்தத் தசைநாணை வெட்டிவிட்டார்கள். பெரிய சத்தத்துக்கு எதிரான இயற்கைத் தடுப்பு கொஞ்சம் போகும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள், சம்மதித்தேன்.

படபடப்பு நின்றுவிட்டது. சத்தமான இடங்களுக்குப் போனால் காதடைப்பான் வைத்துக்கொள்கிறேன். கண் சுருங்குவதற்காகக் கண்ணாடி முன்னால் செய்யும் பயிற்சி இன்னும் ஓடுகிறது.