கோள் அறிவியலுக்கு எந்த வாசல்? ஒரு டெல்டாக்காரியின் அனுபவம்

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் கரையேறியபோது, திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் இருந்தேன். எம்.எஸ்சி. கடைசி வருடம். டிசம்பரில் ஆய்வு உதவித்தொகைக்கான நெட் தேர்வு இருந்ததால் படிப்பதற்காகவே ஊருக்கு வந்திருந்தேன். விடிந்து பார்த்தால் கொல்லையில் ஒரு தென்னைகூட நிற்கவில்லை. கரண்ட் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. கடைத்தெருவில் ஜெனரேட்டர் வைத்து, காசு வாங்கிக்கொண்டு செல்போனுக்கு சார்ஜ் போட்டுக் கொடுத்தார்கள். அப்படி உயிர் வந்த போனில்தான் அந்தச் செய்தியைப் பார்த்தேன். செவ்வாயில் அடுத்த ரோவரை இறக்க ஜெசிரோ என்ற பெரும்பள்ளத்தை நாசா தேர்ந்தெடுத்திருந்தது. காரணம், அங்கே பழைய ஆற்று டெல்டா ஒன்று இருக்கிறதாம். அறிவிப்பு வந்தது நவம்பர் 19, புயலடித்த மூன்றாம் நாள். எனக்குத் தெரிய பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. எங்கள் டெல்டா சாய்ந்து கிடக்கிற நேரத்தில் இவர்கள் செவ்வாயில் டெல்டா பார்க்கிறார்களே என்று சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

அந்த டிசம்பரில் நான் தேறவில்லை. புயலைக் காரணம் சொன்னேன், எல்லோரும் நம்பினார்கள். உண்மைக் காரணம் வேறு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

விண்வெளி என்று சொன்னாலே நம் பக்கத்துப் பிள்ளைகள் கேட்பது ஒரே கேள்விதான்: "இஸ்ரோவில் சேர என்ன அக்கா படிக்கணும்?" நானும் அப்படித்தான் இருந்தேன். திருச்சியில் பி.எஸ்சி. நிலவியல் படித்த மூன்று வருடமும் இஸ்ரோ வேலைவாய்ப்பு அறிவிப்புகளைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். விஞ்ஞானி/பொறியாளர் பணியிடங்களில் பெரும்பாலானவை மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களுக்கு. நிலவியலுக்கோ இயற்பியலுக்கோ இடம் எப்போதாவதுதான் வரும். சிதம்பரத்தில் எம்.எஸ்சி. சேர்ந்த பிறகு ஒரு பேராசிரியர் சொன்னார்: "நீ தட்டுறது இன்ஜினியருக்கான கதவும்மா. உனக்கு உள்ளது பக்கத்துச் சந்துல இருக்கு."

அந்தச் சந்துதான் ஆய்வு. விண்கலத்தைக் கட்டுவது ஒரு வேலை. அது அனுப்புகிற தகவலை வைத்து ஒரு கோளைப் படிப்பது இன்னொரு வேலை. இரண்டாவது வேலைக்குக் கல்லும் மண்ணும் தெரிந்தவர்கள் வேண்டும், காற்றும் கதிர்வீச்சும் தெரிந்தவர்களும் வேண்டும். சந்திரயான்-3 இறங்கியது 2023 ஆகஸ்ட் 23. அதன் பிரக்யான் ரோவரில் மண்ணின் தனிமங்களை அளந்த ஏ.பி.எக்ஸ்.எஸ். கருவியைச் செய்தது அகமதாபாத்தில் உள்ள பி.ஆர்.எல். என்ற இயற்பியல் ஆய்வகம். ஏறக்குறைய 103 மீட்டர் தூரத்தில் 23 இடங்களில் அளந்தார்கள். கிடைத்தது அனார்த்தோசைட் வகைப் பாறையின் சாயல். அந்தப் பாறை எங்களுக்குப் புதிதில்லை. நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டிக்குக் களப்பயணம் போனபோது வெயிலில் சுத்தியலால் உடைத்துப் பையில் போட்டுவந்த அதே வெள்ளைக்கல். நிலாவில் இறங்கிப் பழக இஸ்ரோ தயாரித்த மாதிரி மண்ணுக்குக் கல் எடுத்ததும் அந்தப் பகுதியில்தான். இது தெரிந்த பிறகு எனக்கு வேறு ஊக்கம் தேவைப்படவில்லை.

சரி, தேர்வுக்கு வருவோம். நிலவியல் படித்தவர்களுக்கு முக்கியமான வாசல் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் புவி அறிவியல் தாள். அதன் முழுப்பெயரிலேயே வளிமண்டலம், கடல், கோள் அறிவியல் எல்லாம் சேர்ந்து இருக்கின்றன. இயற்பியல்காரர்களுக்கு நெட்டில் இயற்பியல் தாள், அதோடு ஜெஸ்ட், கேட் என்ற நுழைவுத் தேர்வுகள். புனேயில் உள்ள அயூக்கா என்ற வானியல் மையம் போன்ற இடங்கள் தாங்களே தனித் தேர்வும் வைக்கின்றன. ஒவ்வொரு நிறுவனமும் எந்த மதிப்பெண்ணை ஏற்கும் என்பது ஆண்டு அறிவிப்பில் இருக்கும். அதை வரிவரியாகப் படியுங்கள். சீனியர் சொன்னதை நம்பி இருந்துவிடாதீர்கள். பிளஸ் டூ முடிக்கிறவர்களுக்கு திருவனந்தபுரத்தில் ஐ.ஐ.எஸ்.டி. என்ற விண்வெளிக் கல்வி நிறுவனம் இருக்கிறது, ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வு வழியாக. பிளஸ் டூவில் மாநில அளவில் முதல் 1 சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் பட்டம் எடுப்பவர்களுக்கு இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய். எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் பலருக்கு இது காதில்கூட விழுவதில்லை.

இப்போது நான் தோற்ற கதை. புவி அறிவியல் தாளில் மூன்று பகுதி. முதல் பகுதி பொதுத்திறன்: 20 கேள்வியில் 15 எழுதலாம், 30 மதிப்பெண். இரண்டாவதில் 50க்கு 35, மதிப்பெண் 70. மூன்றாவதில் 80 கேள்வி இருக்கும், 25 எழுதினால் போதும், ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண், தவறினால் மூன்றில் ஒரு பங்கு கழியும். முதல் முறை நான் பொதுத்திறனைப் பள்ளிக்கூடக் கணக்கு என்று அலட்சியமாகக் கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தள்ளினேன். மூன்றாம் பகுதியில் 25ஐ நிரப்பியே தீருவேன் என்று, தெரிந்த நிலவியல் கேள்விகள் தீர்ந்ததும் வானிலைக்கும் கடலுக்கும் போய்க் குருட்டாம்போக்கில் குறித்தேன். வீட்டுக்கு வந்து விடைக்குறிப்பை வைத்துப் பார்த்தால் 11 சரி, 14 தவறு. கழித்தது போக மிஞ்சியது சுமார் 25 மதிப்பெண்.

அடுத்த ஜூனில் அதே பகுதியில் 19 கேள்விதான் தொட்டேன். 16 சரி, 3 தவறு. மதிப்பெண் 60. ஆறு கேள்வியைக் காலியாக விட்டுவிட்டு எழுந்துவர மனசு வரவில்லைதான். பொதுத்திறனை முதல் நாற்பது நிமிடத்திலேயே முடித்துவிட்டேன். அதற்கு நான் செய்த ஒரே பயிற்சி, தினமும் காலையில் பழைய தாள்களிலிருந்து பத்துக் கணக்கு. இடையில் ஒரு கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டி ஒரு மாதம் போனேன். அங்கே கொடுத்த புத்தகத்தில் இருந்தவையும் பழைய வினாத்தாள்களே. அவை இலவசமாகவே கிடைக்கின்றன.

தேர்வு எழுதிவிட்டால் முடிந்துவிடாது, நேர்காணல் இருக்கிறது. முதல் நேர்காணலுக்கு ஏவுதல் தேதிகளை எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். சந்திரயான்-1 எப்போது, மங்கள்யான் எப்போது என்று யாருமே கேட்கவில்லை. கையில் ஒரு பாறைத் துண்டைக் கொடுத்து, இது என்ன, எப்படித் தெரியும் என்றார்கள். வாய் உலர்ந்துபோனது. அங்கே இடம் கிடைக்கவில்லை.

இரண்டாவது இடத்தில் ஊர் எது என்று கேட்டார்கள். சொன்னேன். குழுவில் இருந்த ஒருவர் சற்று முன்னால் சாய்ந்து, "டெல்டாவிலிருந்து வருகிறீர்கள். ஜெசிரோவில் இருப்பது தண்ணீரில் படிந்த டெல்டாவா, மலையடிவாரத்தில் வறண்ட தரையில் பரவிய வண்டல் விசிறியா? எப்படிப் பிரித்துச் சொல்வீர்கள்?" என்றார்.

எனக்கு ஞாபகம் வந்தது பாடப்புத்தகம் இல்லை, எங்கள் வயலில் போர் போட்ட மேஸ்திரி. அப்போது நான் எட்டாவது படித்தேன். பத்தடி இறங்க இறங்க, குழாயில் வரும் சேற்றை அள்ளித் தென்னங்கீற்றின் மேல் வரிசையாகக் குவித்து வைப்பார். மேலே சவுடு, அப்புறம் மணல், அதற்கும் கீழே வழவழவென்று கருங்களி, அதில் உடைந்த சிப்பி ஓடு. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துத் துப்பிவிட்டு, "உப்புக் கரிக்குது பாப்பா, இது கடல் இருந்த இடம். இதை அடைச்சுட்டுக் கீழ் மணல்லதான் பில்டர் வைக்கணும்" என்றார். நான்காவது பாரம், இப்போதைய ஒன்பதாம் வகுப்பு, தாண்டாதவர். அவர் வைத்திருந்த குவியல் வரிசையைத்தான் நாங்கள் பிறகு எம்.எஸ்சி.யில் அடுக்கு வரைபடம் என்று படித்தோம்.

அதையே கரும்பலகையில் வரைந்தேன். கீழே நிற்கிற தண்ணீரில் படிந்த மென்களி, மேலே ஆறு கொண்டுவந்த மணல் என்றால் ஆறு கடலைத் தள்ளிக்கொண்டே முன்னேறியிருக்கிறது. ஆறு நின்ற நீரில் கொட்டும்போது முகப்பில் அடுக்குகள் சரிந்து படியும். அந்தச் சரிவுக்கு மேலும் கீழும் கிடையான அடுக்குகள் இருக்கும். வறண்ட தரையில் பரவும் விசிறியில் இந்த மூன்றும் சேர்ந்து அமையாது. செவ்வாயில் நம்மால் போர் போட முடியாது, அதனால் அரிப்பில் வெட்டுப்பட்ட குன்றின் பக்கவாட்டைப் பார்க்க வேண்டும் என்றேன். இடம் கிடைத்தது. அந்த நாசா ரோவர் பெர்சிவரன்ஸ் 2021 பிப்ரவரி 18 அன்று ஜெசிரோவில் இறங்கி, கோடியாக் என்று பெயரிட்ட சிறு குன்றைப் படம் எடுத்தபோது அந்தச் சரிந்த அடுக்குகள் அப்படியே இருந்தன. அந்தப் படத்தை ஹாஸ்டல் அறையில் எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. அப்பாவுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "நம்ம வாய்க்கால் கரை மாதிரியே இருக்கு" என்று பதில் வந்தது.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த வழிகாட்டலில் பிரயோஜனம் இல்லை. நெட் தேர்வு வழியாகக் கிடைக்கும் ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். இப்போது மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருடம் கழித்து எஸ்.ஆர்.எஃப். என்ற அடுத்த நிலைக்கு உயர்ந்தால் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. 2023 ஜனவரியிலிருந்து இந்தத் தொகை. நான் சேர்ந்தபோது 31,000. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்கு முதல் தொகை கைக்கு வர ஐந்து மாதம் ஆனது. அதுவரை அம்மாவின் வளையல் கூட்டுறவு வங்கியில் இருந்தது. ஆகவே குறைந்தது நான்கு மாதச் செலவுக்குக் கையில் ஏற்பாடு செய்துகொண்டு சேருங்கள். சேர்ந்த அன்றே வங்கிக் கணக்கு, சேர்க்கைச் சான்று, வழிகாட்டியின் கையெழுத்து எல்லாம் போய்ச் சேர்ந்ததா என்று விசாரியுங்கள். ஒரு காகிதம் குறைந்தால் யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள்.

ஜே.ஆர்.எஃப். கிடைக்காதவர்களுக்கும் வழி உண்டு. இஸ்ரோவின் ரெஸ்பாண்ட் திட்டத்தில் பல்கலைக்கழகப் பேராசிரியர்களுக்கு ஆய்வு நிதி கிடைக்கிறது. அந்தத் திட்டங்களில் ஆய்வு மாணவர் இடங்கள் வரும். பட்டியல் இனத்தவருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் தேசிய ஆய்வு உதவித்தொகைகள் தனித்தனியாக இருக்கின்றன. முதுகலையில் பல்கலைக்கழக முதலிடம் பெற்றவர்களுக்கு இன்ஸ்பயர் ஃபெல்லோஷிப். வெளிநாடு என்றால் என் விருப்பம் ஜெர்மனி. கோட்டிங்கனில் சூரியக் குடும்ப ஆய்வுக்கென்றே ஒரு மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் இருக்கிறது, அங்கே பிஎச்.டி. என்பது சம்பளம் தரும் வேலை மாதிரி.

விண்ணப்பத்தில் எடை கூட்ட ஒரு விஷயம் செய்யுங்கள்: தரவைத் தொட்டுப் பாருங்கள். சந்திரயான் தரவுகள் இஸ்ரோவின் பிரதான் தளத்தில் இலவசம், பதிவு செய்தால் போதும். வரைபடம் பார்க்க உதவும் க்யூஜிஸ் மென்பொருளும் இலவசம். அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில்தான் நான் நிலாவின் ஒரு சின்னத் துண்டில் பள்ளங்களை எண்ணினேன். முழுப் படத்தையும் திறந்தால் மெஷின் உறைந்துபோகும், வெட்டி வெட்டிப் பாருங்கள். மூன்று மாதத்தில் நானூறு பள்ளம். அதைக் கேவலமான வேலை என்று நினைக்காதீர்கள். நேர்காணலில் இருபது நிமிடம் அதைப் பற்றியே பேசினோம்.

செவ்வாயில் ஆராய்ச்சி என்று சொன்னதும் என் அத்தை வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்து, "தோஷம் கழிஞ்சுடும்டி, அப்புறம் வரன் பார்க்கலாம்" என்றார். நான் மறுக்கவில்லை, பிரசாதம் நன்றாக இருந்தது.

வேலை வாய்ப்பைப் பொறுத்தவரை மழுப்ப விரும்பவில்லை. கோள் அறிவியலுக்கென்றே இருக்கும் நிரந்தர இடங்கள் நம் நாட்டில் சொற்பம். பிஎச்.டி. முடித்தால் இரண்டு மூன்று போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி), பிறகு ஆசிரியர் பணி அல்லது ஆய்வகம் என்பதுதான் வழக்கமான பாதை. அதனால் படிக்கும்போதே யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வுக்கும் சேர்த்துத் தயாராகுங்கள். பாடம் பெருமளவு ஒன்றுதான். அதில் தேறினால் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. நாட்டில் விழும் விண்கற்களைப் பாதுகாப்பதும் அந்தத் துறைதான், எனவே வானத்தோடு தொடர்பு முழுசாக அறுந்துபோகாது. தொலையுணர்வு கற்றவர்களுக்குத் தனியார் நிறுவனங்களும் இருக்கின்றன. என் ஜூனியர் ஒருத்தி இப்போது பயிர்க் காப்பீட்டுக்குச் செயற்கைக்கோள் படம் பார்க்கிறாள், என்னைவிடச் சம்பளம் அதிகம்.

நான் இந்த ஆண்டு பதினோரு இடத்துக்குப் போஸ்ட்டாக் விண்ணப்பம் அனுப்பினேன். இரண்டு பதில் வந்தது. ஒன்று மறுப்பு. இன்னொன்றுக்கு அடுத்த வியாழன் இரவு பதினொன்றரைக்கு இணைய நேர்காணல். கரண்ட் போகாமல் இருக்க வேண்டும் என்று அப்பா இப்போதே பக்கத்து வீட்டு இன்வெர்ட்டருக்குச் சொல்லிவைத்துவிட்டார்.