கூடையில விக்கிற குட்டிங்க

நம்ம திருநெல்வேலி தெற்கு பைபாஸ் ரோட்டோரம் பிளாஸ்டிக் கூடையில நாய்க்குட்டி விக்கிறதை நீங்களும் பாத்திருப்பீங்க. நேத்து நின்னு பார்த்தேன். வண்டிப்புகையும் வெயிலும். லேப்ரடார்னு சொன்ன குட்டியைத் தூக்கினா, கண்ணுல பீளை, வயிறு உப்பி, வாயில பால்பல் இப்பதான் முளைக்குது. "ரெண்டு மாசம் ஆயிட்டு அண்ணாச்சி"ங்கான் விக்கிறவன். பல்லைப் பார்த்தா அவ்வளவு வயசு ஆகலை. மனசே ஆறலை.

எட்டு வாரம் ஆகாத குட்டியை விக்கவே கூடாதுன்னு மத்திய அரசோட 2017 விதி சொல்லுது. நாய் வளர்த்து விக்கிறவங்க மாநில விலங்குகள் நல வாரியத்துல பதிவு பண்ணியிருக்கணும். தாய்நாய்க்கு 18 மாசம் ஆகாம இணை சேர்க்கக் கூடாது, ஆயுசுக்கு அஞ்சு ஈத்துக்கு மேல கூடாது. மொட்டைமாடிக் கூண்டுல அடைச்சு வருசம் தவறாம ஈத்து எடுக்கிறவங்க இதையெல்லாம் எங்க பாக்காங்க? அந்தத் தாயைத்தான் நெனைச்சுப் பாக்கேன். தெம்பு போனதும் தெருவுல விட்டுருதாங்க.

சீக்கிரமே தாய்ப்பாலை விட்ட குட்டிக்கு எதிர்ப்புச் சக்தி கம்மி. பார்வோங்கிற வைரஸ் நோய் வந்தா ரத்தமா பேதி போகும், ரெண்டு மூணு நாள்ல உசிரே போயிரும். பிள்ளைங்க ஆசையா பேரு வச்சிருக்கும்.

வாங்கியே தீரணும்னா தாயைக் காட்டச் சொல்லுங்க. தடுப்பூசி அட்டை கேளுங்க. கன்னியும் சிப்பிப்பாறையும் நம்ம பக்கத்து நாய்ங்க, நம்ம வெயிலைத் தாங்கும். தெருக்குட்டி ஒண்ணை எடுத்து வளர்த்தா இன்னும் சந்தோசம்.

வர்ற திங்கக்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு கொடுக்கப் போறேன். கையெழுத்துப் போட, கூட வர விருப்பம் உள்ளவங்க இன்பாக்ஸ்ல சொல்லுங்க மக்களே.