அப்பத்தாவுக்கு வெத்தலை, எனக்கு வாக்கிங்

போன வருஷம் சென்னை ரூமக் காலி பண்ணிட்டு காரைக்குடி பக்கம் பள்ளத்தூர்ல இருக்க அப்பத்தா வீட்டுக்கு வந்தேன், வேலை லேப்டாப்லதானே எங்க இருந்து பாத்தா என்னன்னு. அப்ப எனக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு முன்னாடி தூக்கம் வராது, சும்மாவே நெஞ்சு படபடக்கும். மூணு ஹேபிட் ஆப் போட்டு வச்சிருந்தேன், தியானம் டைரி தண்ணின்னு டிக் அடிக்கணும், ஒரு நாள் விட்டா அதுல ஒரு சோக மூஞ்சி வரும் பாருங்க, அதப் பாத்தே பாதி மூடு போயிரும். நன்றி டைரியில மூணாவது நாள் "பணியாரம்"னு ஒரே வார்த்தை எழுதியிருக்கேன், அதோட சரி.

இங்க வந்து மாறுனது எதுவும் நான் பிளான் பண்ணதில்ல. அப்பத்தாவுக்கு முட்டி மடங்காது, அதனால வாசக் கோலம் என் தலையில விழுந்துச்சு. பால்காரர் வர்றதுக்குள்ள போட்டாகணும், இல்லைன்னா "ஏத்தா, வாசல் வெறிச்சுனு கெடக்கு"ன்னு வளவுல (வீட்டு நடு முற்றத்துல) இருந்து சத்தம் வரும். கை முழுக்க மாவு, போனத் தொட முடியாது, புள்ளி தப்புனா அழிச்சுட்டு மறுபடி. முடிச்சுட்டு காபியோட திண்ணையில உக்காந்தா வெயில் மூஞ்சியில அடிக்கும். காலை வெளிச்சம் கண்ணுல பட்டாத்தான் உடம்புக்குள்ள இருக்க கடிகாரம் சரியா ஓடும், ராத்திரி மெலட்டோனினும் நேரத்துக்குச் சுரக்கும்னு அப்புறமாத்தான் படிச்சேன். கொஞ்ச நாள்ல பதினோரு மணிக்கே கண்ணு சொக்க ஆரம்பிச்சிருச்சு. சாயங்காலக் காபிய விட்டதும் ஒரு காரணமா இருக்கலாம், குடிச்சு 5 மணி நேரம் ஆனாலும் பாதி காஃபின் உடம்புலயேதான் இருக்குமாம்.

போன் மேட்டர் இன்னும் சுலபம். செவுரு அவ்வளவு தடி, சிக்னல் முகப்புல (வீட்டோட முன்பக்கத்துல) மட்டும்தான். சார்ஜரும் அங்கயே, நான் உள்ள.

வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேக நடை மாதிரி உடம்புக்கு வேலை குடுக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, நானும் ஊரணியச் சுத்த ஆரம்பிச்சேன். ரெண்டாவது நாளே அப்பத்தா, "வேலைவெட்டி இல்லாம ஊரணியச் சுத்துறியா, போறதுதான் போற, வெத்தலை வாங்கிட்டு வா"ன்னுச்சு. அன்னைல இருந்து ஒரு நாள் தப்பல, ஏன்னா வெத்தலை இல்லைன்னா வீடு ரணகளமாயிரும். எனக்காக நான் செஞ்சது எல்லாம் நாலு நாள்ல நின்னுருச்சு, இன்னொருத்தர் காத்துக்கிட்டு இருந்தது மட்டும்தான் நிலைச்சுது.

ஊருக்கு வந்தா எல்லாம் சரியாயிரும்னு நான் சொல்ல மாட்டேன். இந்தத் தெருவுல பூட்டிக் கெடக்க வீடுதான் ஜாஸ்தி, நான் வர்றதுக்கு முன்னாடி அப்பத்தா அத்தனை பெரிய வீட்டுல தனியாத்தான் இருந்துச்சு, பக்கத்து வீட்டு ஆச்சி சாயங்காலம் திண்ணைக்கு வந்தாத்தான் பேச்சுத்துணை. எனக்கும் நடுவுல ரெண்டு வாரத்துக்கு மேல சோறு இறங்கல, காரணமே இல்லாம அழுகை, கோலமும் ஊரணியும் ஒண்ணும் பண்ணல. ஒரு ராத்திரி முகப்புல நின்னு 14416க்கு அடிச்சேன் (டெலி மானஸ், அரசாங்கத்தோட மனநல உதவி எண், காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பாங்க), மறுநாள் காரைக்குடியில டாக்டரப் பாத்தேன், மாத்திரை குடுத்தாரு.

வீட்டுல எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். அப்பத்தா மாத்திரை அட்டைய வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பாத்துட்டு, தன்னோட பிரஷர் மாத்திரை டப்பாவுலயே போட்டு மூடிருச்சு. இப்ப தினம் ராத்திரி எட்டு மணிக்கு, "என்னுது போட்டாச்சு, உன்னுது எங்கத்தா?"